பத்து இருபதுக்கு ஜோய்ஸ் அன்ரி

இந்த ஆண்டு நமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்திருக்கும் புதிய ஆசிரியர்களுக்கு, உடன்படிக்கைப் பாடத்தை எப்படி நடத்துவது என்று ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் மெல்பேர்னின் மேற்குப் புறத்து அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். கடைசிப் பதினொரு ஆண்டுகள் துணை அதிபர். ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கும் கெட்டித்தனம் இருந்திருந்தால் அதிபராகவே ஓய்வு பெற்றிருப்பேன்.

பாடத்துக்கு வேண்டிய தாள்கள் அலமாரியில் இருக்கின்றன. வரைபடம், படங்கள், பயிற்சி வினாக்கள் எல்லாம் உண்டு. எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலம் இப்போது முதற்குடி மக்களோடு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறது. ஆகவே பிள்ளைகள் உங்களிடம் நிறையக் கேட்பார்கள். அவற்றுக்கான விடைகளை நீங்களே தேடிக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது அந்தப் பாடத்தை நான் கெடுத்த கதையை. அது அலமாரியில் இல்லை.

அப்போது உடன்படிக்கை வரவில்லை, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. டார்னெய்ட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு எடுத்தவர் நிலானி என்ற இளம் ஆசிரியை. கிழமை நாட்களில் மருத்துவமனைத் தாதி. அதே வார்ட்டில், முதற்குடி நோயாளர்களுக்குத் துணையாக இருந்து மருத்துவர் சொல்வதை விளக்கும் வேலை ஜோய்ஸ் அன்ரிக்கு. அன்ரி என்பது நம் பிள்ளைகள் தாயின் வயதுப் பெண்கள் எல்லோரையும் அழைப்பதுதான். அவருக்கோ அது அவருடைய முதற்குடிச் சமூகம் பார்த்துக் கொடுத்த மரியாதை. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நிலானி அவரிடம், "எங்கட பிள்ளையளுக்கு வந்து கதைப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஜோய்ஸ் அன்ரி மூன்று நிபந்தனை சொன்னார். மேடை வேண்டாம், வகுப்பறை போதும். பிள்ளைகள் மட்டும். அன்று ஜீலோங்கில் தங்கையின் பிறந்தநாள் விருந்து, ஆகவே பதினொன்றேகாலுக்குப் புறப்பட வேண்டும். நான் பள்ளியின் கடிதத் தாளில் ஒழுங்காக எழுதி அனுப்பினேன். "பத்து இருபதுக்கு ஆறாம் வகுப்பில் உங்கள் உரை தொடங்கும்." கையெழுத்து, பதவி, முத்திரை. அதன் பிரதியொன்றை நிலானி வகுப்புச் சுவரில் ஒட்டினார். பிள்ளைகள் கேள்விகள் எழுதத் தொடங்கினார்கள்.

நான் செய்த முதல் பிழை நாளைத் தெரிந்தெடுத்தது. அந்தச் சனிக்கிழமை பள்ளியின் ஆண்டு விழா. விருந்தினர் ஒருவர் வருகிறார், விழாவும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் நிகழ்ச்சி நிரல் கனமாகத் தெரியும் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது. நகரசபை உறுப்பினர் வரவில்லை என்று காத்திருந்தோம். பத்து இருபதுக்கு மண்டபத்தில் பாதிக் கதிரைகள் காலி. குத்துவிளக்கில் திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோய்ஸ் அன்ரி பத்து மணியிலிருந்து முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வகுப்பறை முப்பது அடி தூரத்தில். பதினான்கு பிள்ளைகள் அங்கே கேள்வித் தாள்களோடு.

நிலானி வந்து என் காதுக்குள் சொன்னார்.

"மாஸ்டர், பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்கினம். அன்ரியக் கூட்டிக்கொண்டு போகட்டே?"

"பொறும் பிள்ளை. பொன்னாடை போட்டிட்டுத்தான்."

"அதைப் பிறகு போடலாந்தானே?"

"தலைவர் வரவேற்புரை சொல்ல முந்தி எப்பிடிப் பொன்னாடை போடுறது? விளக்கேத்த முந்தி எப்பிடி வரவேற்கிறது?"

"அப்ப விளக்கை ஏத்துங்கோ."

"ஏத்துறதுக்கு ஆள் வரவேணும்."

இந்த உரையாடலில் என் பக்கம் பிழை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு விடையும் ஒழுங்குமுறைப்படி சரி. வேலை பார்த்த காலம் முழுவதும் நான் இப்படித்தான் சரியாக இருந்தேன். முப்பது அடி நடந்து அவரை வகுப்பறைக்கு அழைத்துப் போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். மண்டபத்தில் யார் என்ன செய்தாலும் பத்து இருபதுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியிருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை. விருந்தினருக்கு மரியாதை செய்யாமல் வேலை வாங்குவது நம் வழக்கத்தில் இல்லாத ஒன்று. மரியாதை செய்வதற்காகவே அவரை உட்கார்த்தி வைத்தேன்.

பத்தே முக்காலுக்கு விளக்கு ஏற்றினார்கள். ஐந்து திரிக்கு எட்டுப் பேர் அழைக்கப்பட்டார்கள். பத்து ஐம்பதுக்குப் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்தார். நிரலில் அவருக்கு ஐந்து நிமிடம்.

தலைவர் கெட்டவர் அல்ல. பள்ளியைத் தோளில் சுமந்தவர். வகுப்பறை கிடைக்காத காலத்தில் தன் வீட்டுக் கார்க் கொட்டகையில் பாடம் நடத்த விட்டவர். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளும் நல்ல பொருள்தான். "ஒப்பந்தங்கள் கிழித்தெறியப்பட்ட வரலாறு எங்களை விட ஆருக்குத் தெரியும்?" என்று தொடங்கினார். கைதட்டல். இலங்கையில் எங்கள் தலைவர்கள் கையெழுத்திட்டதும், பிரதமர்கள் கையெழுத்திட்டதும், பிறகு அவை போன இடமும் ஒவ்வொன்றாக வந்தன. ஜோய்ஸ் அன்ரியைப் பார்த்துக் கையை நீட்டி, "இந்தச் சகோதரியின் வலி எங்கள் வலி" என்றார். அவருக்குத் தமிழ் விளங்காது. என் பக்கம் சாய்ந்து கேட்டார், ஆங்கிலத்தில்.

"என்ன சொல்கிறார்?"

"எங்களோடு செய்த ஒப்பந்தங்களைக் காப்பாற்றாமல் விட்டதைச் சொல்கிறார்."

"நல்ல பேச்சு. எவ்வளவு நேரம் சொல்வார்?"

நான் ஒரு துண்டுத் தாளில் 'நேரம்' என்று எழுதி மேடைக்கு அனுப்பினேன். தலைவர் வாசித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். "எனக்கு நேரம் காணாது எண்டு மாஸ்டர் கவலைப்படுறார்" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். இருபத்தாறு நிமிடம் பேசினார். பேச்சு முடிவதற்கு ஒரு நிமிடம் முன்னர், சரியாகப் பதினொன்றேகாலுக்கு, ஜோய்ஸ் அன்ரி எழுந்தார். என் கையைத் தொட்டு, "தங்கை காத்திருப்பாள்" என்று சொல்லிவிட்டுப் பக்கக் கதவால் போனார். போட வைத்திருந்த பொன்னாடை தட்டில் அப்படியே இருந்தது.

இனி நடந்தவை ஒழுங்குமுறைப்படி நடந்தன. நிர்வாகக் குழு மன்னிப்புக் கடிதம் எழுதியது. ஐந்து முறை திருத்தினோம். 'மறந்துவிட்டோம்' என்பது 'கவனத்தில் கொள்ள இயலவில்லை' ஆகி, கடைசியில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று நின்றது. எல்லாக் காரணமும் தவிர்க்கக் கூடியதுதான். கையெழுத்து என்னுடையது.

செவ்வாய்க்கிழமை நிலானி தொலைபேசியில் அழைத்தார்.

"அன்ரி கடிதத்தை வாசிச்சவ மாஸ்டர். உங்கட ஆக்கள் வடிவா டைப் பண்ணியிருக்கினம் எண்டா."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. அதுதான் பிரச்சினை. கிழமையில நாலு நாள் அவவோட ஒரே வார்ட்டில நிக்கிறன். வாங்கோ எண்டு கேட்டது என்ர வாய். பத்து இருபது எண்டு சொன்னது என்ர வாய். நீங்கள் முத்திரை குத்தினீங்கள், அவ்வளவுதான். நான் இனிப் படிப்பிக்க வரேல்லை."

அடுத்த சனிக்கிழமை ஆறாம் வகுப்புக்கு ஆள் இல்லை. நானே போனேன். பாடம் தயாராக இருந்தது. இந்த நாட்டில் ஆங்கிலேய அரசு இங்கிருந்த மக்களோடு உடன்படிக்கை எதுவும் செய்யாமலே நிலத்தை எடுத்துக்கொண்டது. மெல்பேர்ன் நிலத்துக்கு மட்டும் ஒரு தாள் உண்டு. கடலைக் கடந்து வந்த தனி மனிதர் ஒருவர் போர்வை, கத்தி, கோடரி, கண்ணாடி, கோதுமை மா கொடுத்து, ஆண்டுதோறும் இன்னும் தருவதாக எழுதி, இங்கிருந்த பெரியவர்களின் அடையாளத்தை அதில் வாங்கினார். பிறகு ஆளுநர் அது செல்லாது என்றார்.

முன்வரிசை வாங்கில் வர்ணிகா இருந்தாள். பதினொரு வயது. தலைவரின் மகனின் மகள், அவர் அவளுக்கு அப்பப்பா. கேள்வித் தாள் எல்லாவற்றையும் சேர்த்து ஒழுங்குபடுத்தி எழுதியவள் அவள்தான்.

"அநியாயமான டீல் எண்டபடியாலா செல்லாது எண்டவர்?" என்று கேட்டாள்.

"இல்லை. நிலம் ஏற்கெனவே அரசருக்குச் சொந்தமாம். அரசருடையதை மற்றவர் வாங்கேலாது."

"அரசருக்கு ஆர் குடுத்தது?"

"ஒருத்தரும் குடுக்கேல்லை."

வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டது. அவள் எழுதவில்லை.

"அங்கிள், நாங்கள் அன்ரிக்கு அனுப்பின லெட்டர் செல்லுமா?"

துணை அதிபர்களுக்கு இப்படிப்பட்ட கேள்விக்கு எப்போதும் ஒரு விடை இருக்கும். "நிகழ்ச்சிகள் மாற்றத்துக்குட்பட்டவை எண்டு விழா நிரலில கீழ போட்டிருக்கு, பிள்ளை" என்றேன். நான் அச்சிட்ட எல்லா நிரல்களிலும் அந்த வரி உண்டு. அவள் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த கடிதத்தை மேலிருந்து கீழே வாசித்தாள். முத்திரைக்குக் கீழேயும் பார்த்தாள்.

"இதில அப்பிடி இல்லையே."

"இல்லை" என்றேன். அன்று அந்த வகுப்பில் நான் சொன்ன பயனுள்ள சொல் அது ஒன்றுதான்.

பிள்ளைகளின் முன்னால் மாட்டிக்கொள்ளும்போது உங்களுக்கு விளக்கம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். விளக்கத்தில் பெரியவர்கள் எப்போதும் வெல்வார்கள், அது அவர்களுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலைக்குப் போனேன். நிலானி பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. நான் ஜோய்ஸ் அன்ரியிடம், கடிதத்தில் எழுதியது உண்மையில்லை, உங்களைப் பத்து இருபதுக்கு அழைத்துப் போயிருக்கலாம், நான் போகவில்லை என்றேன். அவர் சான்ட்விச்சைச் சாப்பிட்டு முடித்தார்.

"பிள்ளைகளுக்கு இன்னும் கேள்வி இருக்கிறதா?"

"இரண்டு தாள் நிறைய."

"அடுத்த ஞாயிறு. வெரிபி ஆற்றங்கரையில். ஒன்பது மணி. பத்துக்கு எனக்கு வேறு வேலை இருக்கிறது. ஒருமுறை காத்திருந்துவிட்டேன், இனிக் காத்திருக்க மாட்டேன். யாரும் எனக்கு எதையும் போர்த்த வேண்டாம்."

பள்ளியின் விதிப்படி வெளிப் பயணத்துக்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு கூடுவது அந்த ஞாயிற்றுக்குப் பிறகு. ஆனால் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே கூட்டி வந்து கூட நின்றால் அது வெளிப் பயணம் ஆகாது என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. அதை எழுதியவன் நான், வேறு யாரையோ தடுப்பதற்காக. விதிகளை நன்றாகப் படித்து வையுங்கள். இல்லை என்று சொல்ல விதி தெரியாதவர்களாலும் முடியும்.

பெற்றோருக்குச் செய்தி எழுதும்போதுதான் உண்மையான இக்கட்டு வந்தது. நம் ஆட்களை ஒன்பதுக்கு ஓரிடத்தில் நிறுத்த வேண்டும் என்றால் எட்டரை என்று போட வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அச்சடிப்பவருக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும், அதனால் இப்போது எட்டரை என்றால் ஒன்பதேகால் என்று வாசிக்கிறார்கள். எட்டரை என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அந்தச் செய்தியைப் பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்பது நினைவு வந்தது. அழித்துவிட்டு ஒன்பது என்று போட்டேன். ஜோய்ஸ் அன்ரி ஒன்பதுக்குத் தொடங்குவார் என்றும் சேர்த்தேன். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை குளிர். ஆற்றங்கரை யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே எட்டுப் பிள்ளைகள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நிலானி வந்திருந்தார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது என் தொலைபேசி அடித்தது. தலைவர்.

"மாஸ்டர், றவுண்டபவுட்டில நிக்கிறம். பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்கோ."

"ஏன் சுணங்கினீங்கள்?"

"வெளிக்கிட்டு வந்திட்டுத் திரும்பிப் போனனான். பொன்னாடையை வீட்டில விட்டிட்டன். அண்டைக்குப் போடேல்லைத்தானே, மனசுக்குக் கஷ்டமாக் கிடந்தது. வர்ணிகா பின் சீட்டில இருந்து அழுறாள். பொறுங்கோ, என்ன?"

ஜோய்ஸ் அன்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தொடங்கலாமா?" என்று கேட்டார். காத்திருக்க மாட்டேன் என்று சொன்னவர் கேட்டார். நான் பொறுங்கள் என்றால் பொறுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அதுதான் சிக்கல். நிலானியும் என்னைப் பார்த்தார்.

என்னிடம் அரை நிமிடம் இருந்தது. அந்தப் பதினான்கு பேரில் இந்தப் பேச்சை மற்ற எல்லோரையும் விட அதிகம் கேட்க வேண்டியவள் வர்ணிகா. அவள் கேள்விதான் தாளில் முதலாவது: அந்த மெல்பேர்ன் தாளில் அடையாளம் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்கள்? அவளுக்காகப் பத்து நிமிடம் கேட்பது நியாயம். நல்ல காரணம். சென்ற முறையும் என்னிடம் நல்ல காரணங்கள்தான் இருந்தன.

"தொடங்குங்கள்" என்றேன்.

அவர் அந்த மெல்பேர்ன் தாளிலிருந்தே தொடங்கினார். ஒன்பது பதினாறுக்குக் கார் வந்து நின்றது. வர்ணிகா ஓடி வந்து சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்போது பேச்சு இன்றைய காலத்துக்கு வந்துவிட்டது. உடன்படிக்கை வந்தால் யார் யாரோடு பேச வேண்டும், எழுதியதைச் செய்கிறார்களா என்று யார் பார்ப்பது என்பது பற்றி. தலைவர் மடித்த பொன்னாடையோடு பெற்றோர் வரிசையில் நின்றார். பெரியவர்களுக்குக் கதிரை போடவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வர்ணிகா எழுந்து தன் கேள்வியைக் கேட்டாள்.

"அதை முதலிலேயே சொல்லிவிட்டேனே" என்றார் ஜோய்ஸ் அன்ரி. "எனக்கு நேரமாகிறது. இவர்கள் எட்டுப் பேரும் கேட்டார்கள். இவர்களிடம் கேள்."

தலைவர் முன்னே வந்தார். இரண்டு கையாலும் பொன்னாடையை நீட்டினார். ஜோய்ஸ் அன்ரி அதை விரல்களுக்கிடையில் வைத்துத் தடிப்புப் பார்த்தார். "இது குளிருக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டு, மறுக்காமல், மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நிலானியைப் பார்த்து, "நாளைக்கு வார்ட்டில்" என்றார். நிலானி அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார். வரப்போவதாக என்னிடம் சொல்லவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

காருக்குப் போகும் வழியில் வர்ணிகா என்னை மறித்தாள்.

"நீங்கள் வெயிட் பண்ணியிருக்கலாம்."

"ஓம்."

"பிறகேன் பண்ணேல்லை?"

"ஒன்பது மணிக்கு எண்டு அன்ரிக்குச் சொன்னனான்."

"எனக்கும்தான் சொன்னீங்கள். நான் எட்டு மணிக்கே ரெடி."

எட்டரை என்று போட்டிருந்தால் அவள் ஒருவேளை நேரத்துக்கு வந்திருப்பாள். வாக்கைக் காப்பாற்றினால் எல்லோருக்கும் நல்லது நடக்கும் என்று பாடத்தாளில் ஒரு வரி இருக்கிறது. நான் எழுதியதுதான். அதை வெட்டிவிடுங்கள்.

அன்று வந்த ஒவ்வொருவரும் கேட்டதை இரண்டு பக்கம் எழுதி வர வேண்டும் என்பது வீட்டு வேலை. மற்ற எட்டுப் பேரின் கொப்பிகளைத் திருத்திவிட்டுக் கடைசியாக வர்ணிகாவின் கொப்பியை எடுத்தேன். முதல் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து, அந்த எட்டுப் பேரில் இருவரிடம் கேட்டதை எழுதியிருந்தாள். ஒரு பக்கம், 'ஆரன் சொன்னது: வந்தவர்கள் விருந்தாளிகள், கடந்து போக வழி விடுகிறோம் என்று நினைத்தார்கள்.' மறுபக்கம், 'தாரணி சொன்னது: அன்ரி அப்படிச் சொல்லவில்லை. சிலர் அப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் சொன்னா.' கோட்டுக்குக் கீழே, தமிழில், எழுத்துக்களை அழுத்தி: 'எது சரி என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இருக்கவில்லை. அப்பப்பா பொன்னாடை எடுக்கத் திரும்பிப் போனார்.'

வீட்டு வேலையைப் பெரியவர் ஒருவர் வாசித்து அடியில் கையெழுத்திட வேண்டும் என்பது இந்தப் பள்ளியில் என்னுடைய விதி. தாய் தகப்பன் யாராவது வாசிக்காமலே கிறுக்குவது வழக்கம். வர்ணிகாவின் பக்கத்தில் கையெழுத்து அந்தக் கடைசி வரிக்கு நேர் கீழே இருந்தது. முழுப் பெயரும் தெளிவாக, தலைவருடையது.